மோதிரச் சால்வையும் தேயிலைக் கூலியும்

6 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள ஒரு கம்பளிச் சால்வை. இரண்டு பேர் சேர்ந்து போர்த்திக்கொள்ளலாம். அதன் ஒரு முனையைத் திரித்துக் கல்யாண மோதிரம் ஒன்றுக்குள் விட்டு மெல்ல இழுத்தால், முழுச் சால்வையும் மறுபக்கம் வந்து சேர்ந்துவிடும். தராசில் வைத்தால் 2 அல்லது 3 அவுன்ஸ்தான் இருக்கும். ஒரு கோழி முட்டை, மிஞ்சிப்போனால் ஒன்றரை முட்டையின் எடை! காதில் பூச்சுற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, நடுக்கடலில் கிடக்கும் ஷெட்லாந்து தீவுகளில் பெண்கள் கையால் பின்னிய சால்வை இது. ‘மோதிரச் சால்வை’ என்றே இதற்குப் பெயர்.

“அக்கா, நீங்க ஹிஸ்டரி மேஜர்தானே, மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடுங்க” என்று மலர்க் குழுத் தங்கைகள் கேட்டபோது, பல்லவரையோ பானிப்பட்டையோ எதிர்பார்த்திருப்பார்கள். நானோ ஹாஸ்டல் மாடிப்படியில் உல்லன் உருண்டையோடு உட்கார்ந்திருந்தவள் என்பது என் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியும். “இன்னும் பின்னிக்கிட்டுதான் இருக்கியாடி?” என்று போன சந்திப்பில்கூட ஒருத்தி கேட்டாள். ஆமாம், பின்னிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் காலத்தில் எந்த மகுடம் எந்தத் தலையில் எந்த ஆண்டில் ஏறியது என்று உருப்போட்டோம். அந்தத் தலைக்குக் கீழே தோளில் கிடந்த சால்வையைப் பின்னியவள் யார், அவளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று எந்தப் பரீட்சைத் தாளிலும் கேள்வி வந்ததில்லை. அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கிற அபூர்வமான இடம் ஷெட்லாந்து. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். சுமார் 100 தீவுகள். அவற்றில் ஏறத்தாழ 16 தீவுகளில்தான் ஜனங்கள். வட அட்சரேகை 60 டிகிரி. டிசம்பரில் பகல் வெளிச்சம் 6 மணி நேரம்கூடச் சரியாக இருக்காது. ஜூன் மாதத்திலோ ராத்திரி என்பதே ஒரு மங்கல் வெளிச்சம்தான். ஓயாத காற்று. மரம் என்று சொல்ல அதிகம் கிடையாது. இந்தத் தீவுகள் ஸ்காட்லாந்துக்கு வந்த கதையே ஒரு வேடிக்கை. டென்மார்க், நார்வே நாடுகளின் அரசர் முதலாம் கிறிஸ்டியன், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். பேசிய வரதட்சிணைப் பணம் கையில் இல்லை. 1468-ல் ஆர்க்னி தீவுகளையும், 1469-ல் மீதிப் பணம் 8,000 ஃப்ளோரினுக்காக ஷெட்லாந்தையும் அடகு வைத்தார். கடைசிவரை மீட்கவே இல்லை. நம்மூர்ப் பாஷையில் சொன்னால், பெண்ணுக்காக வைத்த அடகு முழுகிப்போனது!

ஆண்கள் கடலுக்குப் போனார்கள். ஆறு துடுப்புப் போட்ட திறந்த படகில், கரை கண்ணுக்கு மறையும் தூரம் போய் மீன் பிடித்தார்கள். திரும்பி வராதவர்களும் நிறைய. 1832-ல் ஒரே புயலில் 105 பேர் போனார்கள். 1881 ஜூலையில் யெல் தீவின் க்ளூப் கிராமத்துப் பக்கம் 58 பேர். மற்றவர்கள் கப்பல் வேலை, திமிங்கில வேட்டை என்று வருஷக்கணக்கில் வெளியே. ஊரில் பெண்கள்தான் அதிகம். நிலத்தைக் கொத்துவது, மாடு கறப்பது, அடுப்புக்கு வேண்டிய ‘பீட்’ என்னும் கரிமண் கட்டியை வெட்டி முதுகுக் கூடையில் சுமந்து வருவது எல்லாம் அவர்கள் வேலை. அப்படிச் சுமந்து வரும்போதே இரண்டு கையும் பின்னிக்கொண்டு வரும். இடுப்பில் குதிரைமயிர் திணித்த தோல் பெல்ட்; அதில் துளைகள். ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகிக்கொண்டால் ஊசி ஆடாது, வலது கைக்கு வேகம் கிடைக்கும். ஊசியை அவர்கள் ‘கம்பி’ என்றே சொல்வார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். லேஸ் என்றதும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோழிகளுக்கு ‘ரேந்தை’ நினைவு வரும். 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் சொல்லிக்கொடுத்து வளர்ந்த ரேந்தை, தலையணைமேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. காஷ்மீர்ச் சால்வையோ தறியில் நெய்வது. ஷெட்லாந்துச் சால்வை இரண்டும் இல்லாத மூன்றாவது ஜாதி. ஸ்வெட்டர் பின்னுகிற அதே ஊசி, அதே கண்ணிகள். ஆனால் வேண்டுமென்றே ஓட்டை விட்டுப் பின்னுவது.

ஓட்டையை எப்படி விடுவது? நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றினால் புதிதாக ஒரு கண்ணி பிறக்கும். அதற்குக் கீழே ஓர் ஓட்டை விழும். கண்ணி கூடிக்கொண்டே போனால் சால்வை விரிந்துவிடுமே, அதனால் வேறோர் இடத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். ‘ஓல்டு ஷேல்’ என்ற அலை டிசைனைப் பாருங்கள். மொத்தம் 18 கண்ணி. முதல் ஆறை இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்றாக்கு. அடுத்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுச் சேர்த்துப் பன்னிரண்டாக்கு. கடைசி ஆறை மறுபடி மூன்றாக்கு. மூன்றும் பன்னிரண்டும் மூன்றும் பதினெட்டு, கணக்கு நேராகிவிட்டது! நான்கு வரிசைக்கு ஒருதரம் இதைச் செய்தால் போதும், கடற்கரையில் அலை வந்து விட்டுப்போன மணல் வரி மாதிரியே தானாக வளைந்து வரும். முதன்முதலாக அது ஊசியில் உருவாகிறதைப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, கோலத்தில் கடைசி இழை முதல் புள்ளியில் போய்ச் சேருகிறபோது வருமே, அதே சந்தோஷம். பூனைப்பாதம், குதிரைலாடம், பறவைக்கண், அலைத்தடம் என்று இன்னும் எத்தனையோ. எழுதி வைத்த புத்தகம் பார்த்துப் பின்னியவர்கள் குறைவு. அம்மா பின்னுவதைப் பெண் பார்த்தாள், அவ்வளவே.

கஷ்டம் பின்னலைவிட நூலில்தான். ஷெட்லாந்து ஆடு சின்ன ஜாதி. கோடையில் அதன் ரோமம் தானாகக் கழலும். கத்தரிக்கோல் போடாமல் கையாலேயே மெதுவாகப் பறித்து எடுப்பார்கள். கத்தரித்தால் வெட்டுப்பட்ட முனை குத்தும். பறித்தால் இழை முழுசாக மிருதுவாக வரும். அதிலும் கழுத்துப் பக்கத்து ரோமம்தான் மோதிரச் சால்வைக்கு. அதைத் தலைமுடியைவிட மெல்லிசாக ராட்டையில் நூற்பது வயதான பெண்களின் வேலை. வடகோடியில் உள்ள அன்ஸ்ட் தீவுக்காரிகள் இதில் பேர்போனவர்கள். பின்னி முடித்த சால்வையைத் துவைத்து, வெள்ளைச் சால்வையானால் பீப்பாய்க்குள் கந்தகப் புகை காட்டி வெளுத்து, மரச் சட்டத்தில் ஓரத்து முனை ஒவ்வொன்றையும் நூல் கோத்து இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அதுவரை சுருங்கிக் கசங்கிய துணிப்பந்து போல இருக்கும் பொருள் அப்போதுதான் சால்வையாகக் கண் திறக்கும்.

இந்தச் சால்வை உலகத்துக்குத் தெரிந்தது எப்போது? பின்னல் அங்கே பழசு. 17-ஆம் நூற்றாண்டிலேயே மீன்பிடிக்க வந்த டச்சுக்காரர்களிடம் முரட்டுக் காலுறை பின்னி விற்றார்கள். லேஸ் சால்வை 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1837-ல் ஆர்தர் ஆண்டர்சன் என்பவர் விக்டோரியா ராணிக்கு ஷெட்லாந்து மெல்லிய காலுறைகளைப் பரிசாக அனுப்பினார். இந்த ஆண்டர்சன் லெர்விக் ஊரில் 1792-ல் பிறந்தவர். பிற்பாடு பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். 1840-களில் சூயஸிலிருந்து இலங்கை, மதராஸ், கல்கத்தா என்று தபாலும் துரைமார்களும் வந்தார்களே, அந்தக் கப்பல்கள் இவருடையவை. 1839-ல் ஆக்ஸ்ஃபோர்டு வியாபாரி எட்வர்ட் ஸ்டாண்டன் ஷெட்லாந்துக்கு வந்து, சால்வைகளைப் பார்த்து, லண்டனில் அவற்றுக்குச் சந்தை பிடித்தார். 1851-ல் லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் ஷெட்லாந்து லேஸ் இடம்பெற்றது. சீமாட்டிகள் தோளில் ஏறிவிட்டது. 1861-ல் ஆல்பர்ட் இளவரசர் இறந்து ராணி கறுப்பு உடுத்த ஆரம்பித்ததும், துக்கத்துக்குக் கறுப்பு லேஸ் சால்வையும் தேவைப்பட்டது. வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது.

பின்னியவளுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் நம் சப்ஜெக்ட் ஆரம்பிக்கிறது.

அவளுக்குக் கிடைத்தது தேயிலை. அல்லது பருத்தித் துணி. அல்லது ஒரு துண்டுச் சீட்டு. லெர்விக் கடைக்காரரிடம் சால்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் ஒரு விலை சொல்வார். அந்த விலைக்குக் காசு தரமாட்டார். “என் கடையில் சரக்கு எடுத்துக்கோ” என்பார். இப்போது ஒன்றும் வேண்டாம் என்றால், இத்தனை ஷில்லிங்குக்குச் சரக்கு பாக்கி என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். இதற்கு ஆங்கிலத்தில் ‘ட்ரக்’ முறை என்று பெயர். லாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; பண்டமாற்று என்று அர்த்தம். தொழிலாளிக்குக் கூலியைக் காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1831-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பின்னுகிறவள் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி ஆகவில்லை.

1872 ஜனவரியில் அரசு அனுப்பிய விசாரணை அதிகாரி வில்லியம் குத்ரி லெர்விக்கில் உட்கார்ந்து சாட்சி கேட்டார். ஆண்களின் மீன்பிடித் தொழில், நிலக்கிழார், கடன் என்று எல்லாம் அந்த விசாரணையில் உண்டு. ஆனால் என்னை உட்கார்த்தி வைத்துப் படிக்க வைத்தது பின்னல்காரிகளின் சாட்சியம். வரிசை எண் போட்டு, கேள்வியும் பதிலுமாக, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதி அச்சிட்டிருக்கிறார்கள். பின்னலைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத கன்னிப்பெண்கள், கைம்பெண்கள், தாயோடு வாடகை அறையில் இருப்பவர்கள், எல்லோரும் பேசியிருக்கிறார்கள். துணிக்கடைக்காரர் மாவும் உருளைக்கிழங்கும் விற்பதில்லை. வீட்டுக்காரர் வாடகைக்குத் தேயிலை வாங்கிக்கொள்ள மாட்டார். என்ன செய்வது? கூலியாகக் கிடைத்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கிடைத்த விலைக்குக் கொடுத்து மாவு வாங்கியிருக்கிறார்கள். சீட்டையும் அப்படியே தெரிந்தவர்களிடம் கொடுத்துக் காசாக்கப் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் நல்ல கவுன், வீட்டில் அடுப்பு எரியவில்லை! பார்க்கிறவர்கள், “பின்னல்காரிகளுக்கு அலங்காரம்தான் பெரிசு” என்று பழித்தார்களாம். துணியைத் தவிர வேறெதுவும் கூலியாகக் கிடைக்காதபோது உடுத்தாமல் என்ன செய்வாள்?

அந்தத் தேயிலையைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நம் மலையகத் தமிழர் பறித்த தேயிலையோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. இல்லை. இலங்கையிலிருந்து லண்டனுக்கு முதல் தேயிலை போனதே 1873-ல்தான், அதுவும் வெறும் 23 பவுண்டு. லெர்விக்கில் கூலியாகக் கொடுபட்டது சீனத்துச் சரக்காகத்தான் இருந்திருக்கும்.

வியாபாரிகள் தரப்பையும் கேட்க வேண்டும், இல்லையா? நம் பேராசிரியர்கள் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். “சால்வையில் எங்களுக்கு லாபம் கிடையாது, சரக்கு விற்பதில்தான் லாபம். காசாகக் கொடு என்றால் சால்வையின் விலையைக் குறைத்துத்தான் கொடுக்க முடியும்” என்பது அவர்கள் வாதம். இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தெற்கே லண்டன் சந்தை ஏறி இறங்குவது, விற்காமல் தேங்குவது எல்லாம் அவர்கள் தலையில்தான். ஆனால் இதே வாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சால்வைக்குச் சொன்ன விலை நிஜ விலை அல்ல, ஒரு பெயரளவு விலைதான் என்று கடைக்காரர்களே ஒத்துக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஒரே கடையில் கொடுக்கும்போது ஒரு லாபம், எடுக்கும்போது ஒரு லாபம். அட்வான்ஸ் வாங்கி, நூலும் அவரிடமே வாங்கி, நெய்த புடவையையும் அவரிடமே போட்டுக் காலம் தள்ளிய நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த தோழிகள் நம்மிலேயே உண்டு. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

குத்ரியின் அறிக்கை 1872-லேயே வெளிவந்தது. சட்டம் திருந்த 15 வருஷம் ஆயிற்று. 1887-ல் வந்த திருத்தம், வீட்டில் இருந்தபடியே கம்பளியில் பின்னியும் நெய்தும் செய்த 5 பவுனுக்கு மேற்படாத பொருளுக்கும் காசுதான் தர வேண்டும் என்றது. காகிதத்தில் வந்த சட்டம் கடைக்கு வர இன்னும் நாளாயிற்று. பழைய வழக்கம் முதல் உலகப் போர்க்காலம் வரை அங்கங்கே நீடித்தது. போரில் தீவுகளுக்கு வந்த கடற்படைக்காரர்கள் நேராகக் காசு கொடுத்துப் பின்னலாடை வாங்க ஆரம்பித்ததும்தான், நடுவில் கடை இல்லாமலும் விற்கலாம் என்று ஆயிற்று.

இப்படியெல்லாம் படித்தபிறகு, ‘அப்படியானால் பின்னல் அவர்களுக்கு வெறும் அடிமை வேலைதானா?’ என்று ஒரு கேள்வி வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு என் சாட்சி வண்ணங்கள்.

மோதிரச் சால்வை பெரும்பாலும் வெள்ளை. அது விற்பனைக்கு. அந்தப் பெண்கள் தாங்கள் போர்த்திக்கொண்டதும், பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டதும் ‘ஹாப்’ என்னும் இன்னொரு சால்வை. ஹாப் என்றால் மூடு, போர்த்து என்று பொருள். நூல் கொஞ்சம் தடிமன். நடுவில் வெறும் சாதாப் பின்னல், சுற்றிலும் மேலே சொன்ன அலை டிசைன். அந்த அலைகளில்தான் வண்ணம் விளையாடும். ஓரத்தில் கரும்பழுப்பு, அடுத்த அலை பழுப்பு, அடுத்தது இளம்பழுப்பு, பிறகு வெள்ளை, மறுபடி இறங்கு வரிசை. சாம்பலில் ஆரம்பித்தால் அதே மாதிரி சாம்பல் அடுக்கு. ஹாப்பும் விலைக்குப் போனது உண்டு. ஆனால் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று முடிவு செய்தவள் பின்னியவள். மியூசியத்துக்குப் போனால் எல்லோரும் மோதிரச் சால்வை முன்னால்தான் நிற்பார்கள். என்னைக் கேட்டால், ஹாப்தான் ஒசத்தி.

சாயம் போடாமல் இத்தனை நிறம் எப்படி? ஆடே அத்தனை நிறம். ஷெட்லாந்து ஆட்டில் முக்கியமாக 11 நிறங்களும், புள்ளி, பட்டை, முகக்குறி என்று 30 அடையாளங்களும் கணக்கு வைத்திருக்கிறார்கள். செம்பழுப்பு ‘மூரிட்’. உறைபனி படிந்த மாதிரிக் கருஞ்சாம்பல் ‘ஷேலா’. நீலம் பாய்ந்த சாம்பல் ‘எம்ஸ்கெட்’. தேன் நிறம் ‘மியோகெட்’. உடம்பு வெளுத்து வயிறு கறுத்திருந்தால் ‘கட்மோகெட்’. இந்தச் சொற்கள் ஆங்கிலமே இல்லை. தீவுகள் அடகுக்குப் போவதற்கு முன்பு அங்கே பேசிய ‘நார்ன்’ என்ற பழைய மொழியின் மிச்சம். அந்த மொழி 19-ஆம் நூற்றாண்டோடு பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. ஆட்டு நிறத்தில் மட்டும் அதன் சொற்கள் மேய்ந்துகொண்டிருக்கின்றன! நம் கொங்கு நாட்டில் காங்கேயம் மாட்டை மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று நிறம் பிரித்துச் சொல்வோமே, அந்த மாதிரி. செவலை என்ற சொல்லை வேறு எதற்காவது நாம் அதிகம் பயன்படுத்துகிறோமா?

இந்த நிறங்களுக்கும் ஆபத்து வந்தது. மில்காரர்களுக்கு வெள்ளை ரோமம்தான் வேண்டும். எந்தச் சாயமும் ஏறும். வெள்ளைக்கு நல்ல விலை என்றால் விவசாயி வெள்ளை ஆட்டைத்தான் வளர்ப்பான். கலர் ஆடுகள் குறைந்தன. 1927-ல் அந்த இனத்தைக் காக்க ஒரு சங்கம் வைத்துப் பதிவேடு போட்டார்கள்.

சாயமும் இல்லாமல் இல்லை. பாறையில் படரும் பாசியிலிருந்து ஊதாவும், இறக்குமதியான அவுரியில் நீலமும் எடுத்தார்கள். கடப்பாவிலும் தென்னார்க்காட்டிலும் அவுரி விளைந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறிய காலம் அது. 1856-ல் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய்ச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். 1858-ல் விக்டோரியா ராணி மகள் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில் உடுத்தியதும் ஊரெல்லாம் ஊதா. 1897-ல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தபிறகு எந்த நிறம் வேண்டுமானாலும் பொட்டலத்தில் கிடைத்தது.

இன்று பின்ன ஆசைப்படுகிற தங்கைகளுக்கு, நிறம் எடுப்பதில் ஹாப்காரிகள் வழியையே சொல்வேன். லேஸ் டிசைனின் அழகு ஓட்டையில் இருக்கிறது; ஒரே நூலில் ஏழு கலர் மாறி மாறி வரும் உருண்டையை எடுத்தால் ஓட்டை கண்ணில் படாது. ஒரே நிறம், அல்லது ஒரே குடும்பத்து நான்கு நிறம். கடைக்காரர் ட்யூப்லைட்டில் காட்டுவதை நம்பாதீர்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்போமே, அப்படிப் பாருங்கள். நான்கு உருண்டையையும் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் நான்கும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அலை எழாது. அடுக்கடுக்காக வெளுத்துக்கொண்டே போனால் எழும். லேபிளில் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, தேவைக்கு ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி போனால் அதே பச்சை கிடைக்காது. “சென்னை வெயிலுக்குச் சால்வை எதுக்குடி?” என்கிறவர்களுக்கு: பருத்தி நூலிலும் பட்டு நூலிலும் இதே அலை வரும். ஏ.சி. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேளுங்கள், சால்வையின் அருமை தெரியும்.

ஷெட்லாந்தில் இப்போது என்ன நிலை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20-ஆம் நூற்றாண்டில் ஸ்வெட்டர் வந்து லேஸைப் பின்னுக்குத் தள்ளியது. கை மெஷின் வந்தது. 1970-களில் வடகடல் எண்ணெய் வந்து மாதச் சம்பள வேலைகள் பெருகின. மாசக்கணக்கில் பின்னுகிற சால்வைக்கு மணிக்கணக்குப் போட்டுக் கூலி கொடுக்க எவராலும் முடியாது. ஆகவே விற்பனைக்குப் பின்னுகிறவர்கள் மிகச் சிலர். 2010-ல் ஆரம்பப் பள்ளிகளில் பின்னல் சொல்லிக்கொடுப்பதற்கான பணத்தைத் தீவுகளின் கவுன்சில் நிறுத்தியது. அதே ஆண்டில்தான் ‘கம்பளி வாரம்’ என்ற விழாவும் தொடங்கி, உலகெங்குமிருந்து பின்னல் பித்தர்கள் வந்து குவிந்தார்கள். 2011-ல் அந்த ஊர் ரோமத்துக்கு ஐரோப்பிய அளவில் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது, நம் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மாதிரி. பள்ளியில் நின்றுபோன பின்னல் வகுப்பைப் பெரியவர்கள் தாங்களாகவே முன்வந்து, கூலி வாங்காமல் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

குத்ரியின் சாட்சியப் புத்தகம் இப்போது கம்ப்யூட்டரில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. எம்.ஏ. தங்கைகள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடினால் அதைப் புரட்டிப் பாருங்கள். பின்னிப் பார்க்க ஆசையானால், சந்திப்பு அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஹாஸ்டல் வராந்தாவில் இருப்பேன். ஊசியும் நூலும் நான் கொண்டு வருகிறேன். சாம்பலில் நாலு, பழுப்பில் நாலு. 18 கண்ணி போடத் தெரிந்தால் போதும், அலை எழும்புகிறதா இல்லையா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.